மவுண்ட் மாற்றிய பிறகு கூடிய அதிர்வு: ஒரு சைலன்சர் நேர்ப்படுத்தலின் நிகழ்வு ஆய்வு

வாகனமும் முறைப்பாடும்

கார் 2000களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்யப்பட்ட 1500 சிசி பெற்றோல் செடான். எஞ்சின் குறுக்குவாட்டில் இருக்கிறது, முன்சக்கரங்கள் இழுக்கின்றன, கியர் ஓட்டோ. சிலிண்டர்களின் புகையை ஒரே வாயில் சேர்த்து வெளியேற்றும் மேனிபோல்ட் எஞ்சினின் பின்பக்கத்தில், சாரதியின் கால்களுக்கு முன்னுள்ள தகட்டுச் சுவரை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து முன்குழாய், அதில் புகையின் நச்சைக் குறைக்கும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டர், பிறகு காரின் நடுப்பள்ளத்தில் ஓடும் நடுக்குழாய், அது பின் அச்சுக்கு மேலால் வளைந்து போய்ப் பின் சைலன்சரில் சேர்கிறது. எஞ்சினிலிருந்து வால் முனை வரை ஏறத்தாழ 3 மீற்றர்.

உரிமையாளர் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கார் தூரம் ஓடுவதில்லை. சந்தைக்கு, மருந்துக் கடைக்கு, செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு, இடைக்கிடை வெள்ளவத்தையில் தங்கை வீட்டுக்கு. கிராண்ட்பாஸில் உள்ள எங்கள் கராஜுக்கு அவர் வந்தது புகைப் பரிசோதனைக்கு முன் காரை ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லி. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது என்பதால் ஆண்டுக்கொரு தடவை இப்படிப் பலர் வருவார்கள். பேச்சோடு பேச்சாகத்தான் உண்மையான முறைப்பாடு வந்தது.

“தம்பி, சிக்னல்ல நிக்கேக்க சீற்றுக்குக் கீழ ஒரு உறுமல். வீட்டு ஒழுங்கையால றிவர்ஸ் எடுக்கேக்க டொக்கெண்டு அடிக்குது. காலமை எடுத்தா இல்ல. வெள்ளவத்தைக்குப் போய்த் திரும்பி வந்தா இருக்கு.”

“எப்ப தொடக்கம், டீச்சர்?”

“மவுண்ட் மாத்தினாப் பிறகுதான் கூடிப்போச்சு.”

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் முந்திய இடங்களில் யாரும் காதில் வாங்கவில்லை. மவுண்ட் என்பது எஞ்சினைக் காரின் உடம்போடு சேர்த்துத் தாங்கி, அதன் அதிர்வை அடக்கும் றப்பர் வைத்த சாமான். அதைப் புதிதாக மாற்றிய பிறகு அதிர்வு கூடியது என்று ஒருவர் சொன்னால், ஒன்றில் அவர் நாட்களைக் குழப்புகிறார் அல்லது மவுண்ட் மட்டமானது என்று நினைப்பது இயல்பு. அப்படி நினைத்துத்தான் ஓரிடத்தில் ஸ்பார்க் பிளக்கை மாற்றி, எஞ்சினுக்குள் காற்றை அளந்து விடும் த்ரொட்டில் பொடியைக் கழுவி, வேறு ஒன்றும் தெரியவில்லை என்று அனுப்பியிருந்தார்கள்.

கொப்பி

டீச்சர் நாட்களைக் குழப்பவில்லை. 2022இல் கியூ.ஆர். கோட்டில் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து பெற்றோல் ஊற்றிய காலத்தில் தொடங்கிய பழக்கம்: ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் லீற்றரையும் மீற்றர் காட்டும் கிலோமீற்றரையும் ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதுகிறார். அந்தப் பங்கீடு 2023இல் போனது, கொப்பி போகவில்லை. காருக்குச் செய்த ஒவ்வொரு வேலையும் அதே பக்கங்களின் ஓரத்தில் சிவப்புப் பேனையில் இருக்கிறது.

அதைப் புரட்டிக் கணக்குப் பார்த்தோம். பழைய பின் சைலன்சர் உக்கிப்போய், ஒரு சைலன்சர் கடையில் உள்ளூரில் செய்ததை வாங்கிப் பற்றவைத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் கார் லீற்றருக்கு 10.5 கிலோமீற்றருக்குக் கிட்ட ஓடியிருக்கிறது. மாற்றமில்லை. சில மாதங்களுக்குப் பிறகு இன்னொரு கராஜில் எஞ்சினின் வலப்பக்க மவுண்டும் பின் மவுண்டும் மாற்றப்பட்டிருக்கின்றன. அடுத்த தடவை பெற்றோல் அடித்ததிலிருந்தே கணக்கு 9க்குக் கீழே போய் அங்கேயே நின்றுவிட்டது.

மவுண்டுக்கும் பெற்றோல் செலவுக்கும் நேரடியாக ஒரு தொடர்பும் இல்லை. ஆகவே மவுண்ட் வேறு எதையோ அசைத்திருக்கிறது. கார் பிட்டில் (அடிப்பக்கத்தைப் பார்க்கத் தரையில் வெட்டிய குழி) ஏறுவதற்கு முன்பே எங்களுக்கு இவ்வளவு தெரிந்திருந்தது, அதுவும் ஒரு ஐம்பது ரூபாய்க் கொப்பியால்.

இன்னொரு பழக்கமும் உதவியது. கழற்றிய சாமானைத் திருப்பித் தரச் சொல்லி வாங்கி வைப்பவர் அவர். பழைய இரண்டு மவுண்டும் டிக்கியில் ஒரு உரப்பையில் கிடந்தன. பின் மவுண்டின் றப்பர் அமுங்கி ஒரு பக்கம் வெடித்திருந்தது. அதே அளவில் புதிதோடு வைத்துப் பார்த்தபோது நடுத்துளை 6 மி.மீ. தாழ்ந்திருந்தது.

பிட்டில் கண்டவை

காரை ஹொயிஸ்டில் தூக்காமல் பிட்டுக்கு மேல் ஓட்டி நிறுத்தினோம். இது வசதிக்காகச் செய்ததல்ல. இரண்டு தூண் ஹொயிஸ்ட் காரின் உடம்பைத் தூக்கும், சக்கரங்கள் கீழே தொங்கும், பின் அச்சும் அதோடு இறங்கிவிடும். அச்சுக்கு மேலால் போகும் குழாய்க்கும் அச்சுக்கும் நடுவில் அப்போது தாராளமாக இடம் தெரியும். சக்கரம் தரையில் பாரத்தோடு நிற்கும்போதுதான் அங்கே உண்மையில் எவ்வளவு இடைவெளி என்று புரியும். சைலன்சர் வேலையில் “மேல வச்சுப் பாத்தப்ப சரியாத்தான் இருந்தது” என்ற பேச்சுக்குப் பாதிக் காரணம் இது.

கார் குளிர்ந்திருந்தது. கண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

பின் சைலன்சரைத் தாங்கும் றப்பர்களில் ஒன்று இல்லை. அதன் இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. றப்பர் எதற்காக இருக்கிறதோ அந்த வேலையை நேர் எதிராகச் செய்யும் பொருள் கம்பி: குழாயின் அதிர்வு முழுவதையும் அப்படியே தரைத்தகட்டுக்கு ஏற்றும். சீற்றுக்குக் கீழே கேட்ட உறுமலில் ஒரு பங்கு இதுதான் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். பலர் இதோடு நிறுத்தி, புது றப்பர் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

நடுக்குழாயின் றப்பர்கள் இருந்தன, ஆனால் தளர்ந்து கிடந்தன. விரலால் தட்டினால் ஆடின. பாரம் தாங்க வேண்டிய றப்பர் பாரமில்லாமல் ஆடுகிறது என்றால், அந்தக் குழாயை வேறு எதுவோ மேலே தூக்கிப் பிடித்திருக்கிறது.

பின் அச்சுக்கு மேலே குழாய் வளையும் இடத்தில், அதன் மேற்புறத்தில் ஒரு ரூபாய்க் குத்தியளவு இடம் மினுங்கியது. சுற்றிலும் கறள், அந்த இடம் மட்டும் வெள்ளி. நேர் மேலே, குழாயின் சூடு காரின் தரைக்கு ஏறாமல் மறைக்கும் வெப்பத்தகட்டிலும் அதே அளவில் ஒரு மினுக்கம். குளிர்ந்திருந்தபோது இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய சாவி நுழையுமளவு இடைவெளி இருந்தது. ஆனால் சூட்டில் அடிபடுகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

உள்ளூர் சைலன்சரை நடுக்குழாயோடு சேர்த்த இடத்தில் குழாயைச் சாய்வாக அறுத்து ஒட்டியிருந்தார்கள். நேராக வராத குழாயை வரவைக்க வைத்த சாய்வு. பற்று தடிப்பாக, பார்வைக்குப் பலமாகத்தான் இருந்தது.

கடைசியாக முன் இணைப்பு. மேனிபோல்டிலிருந்து வரும் வாயும் முன்குழாயும் சேருமிடத்தில் இந்தக் காரில் கசிவை அடைக்கும், உருண்டை முகம் கொண்ட ஒரு வளையக் கேஸ்கட் இருக்கும். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கோர்த்த போல்ட். எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும்போது அந்த உருண்டை முகத்தில் குழாய் வழுக்கித் திரும்பும், ஸ்பிரிங் அதை அழுத்தி வைத்திருக்கும், புகை கசியாது. முழங்கால் மூட்டு மாதிரி. இங்கே ஸ்பிரிங் இல்லை. சாதாரண போல்ட், நட்டு, வொஷர், மூச்சுமுட்ட இறுக்கியிருந்தது. கறள் பிடித்த ஸ்பிரிங் போல்ட் கழற்றும்போது முறியும், அதே சாமானைத் தேடிப் போக நேரமில்லாதவர்கள் கையில் கிடைத்த போல்டைப் போட்டு மூட்டை விறைப்பாக்கிவிடுவார்கள். கொழும்பில் கழுவிக் கழுவிப் பார்க்கும் கார்களில்கூட இது அடிக்கடி கிடைக்கும்.

கீழிருந்து பார்த்தால் அந்த இணைப்பு சுத்தமாக இருந்தது. ஒரு சிறு கண்ணாடியைக் கம்பியில் கட்டி மேலே விட்டுப் பார்த்தபோது, மேல் பக்கத்தில், தகட்டுச் சுவரைப் பார்த்த ஓரத்தில், விசிறி விரித்ததுபோல் கருப்புக் கரி. வால் முனைக்குள் ஊதியால் காற்று விட்டு, சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தோம். கீழே ஒரு குமிழும் இல்லை. மேலே நுரை பொங்கியது.

காரின் கொம்பியூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் இதற்குப் பொருத்தமான கணக்கு இருந்தது. சும்மா ஓடும்போது கொம்பியூட்டர் தானாகச் சேர்க்கும் பெற்றோல் 17 வீதம் கூட. எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் வைத்தால் அது 6 வீதமாக இறங்கியது. காற்று உள்ளே இழுபடும் குழாய் கசிந்தாலும் இதே கோலம் வரும், ஆகவே அந்தப் பக்கத்தையும் புகைவிட்டுப் பார்த்தோம், கசிவு இல்லை. மிஞ்சியது முன் இணைப்பு. எஞ்சினிலிருந்து புகை ஒரே ஓட்டமாக வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவில் குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறையும் நேரம் உண்டு, அந்த நேரத்தில் ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அடுத்திருக்கும் ஒக்சிஜன் சென்சார் அந்தக் காற்றை மோந்துவிட்டு, பெற்றோல் போதாது என்று அறிவிக்கும். கொம்பியூட்டர் நம்பிச் சேர்க்கும். கொப்பியில் குறைந்த ஒன்றரைக் கிலோமீற்றர் இப்படித்தான் போயிருக்கிறது.

இன்னொன்று. அந்தக் கசிவு சாரதியின் கால்களுக்கு முன்னால். காலி வீதி நெரிசலில் வெள்ளவத்தை போய் வந்தால் தலையிடிக்கிறது என்று டீச்சர் இடையில் சொல்லியிருந்தார். அதற்கு வெயில் தொடக்கம் கண்ணாடி நம்பர் வரை நூறு காரணம் இருக்கலாம், கசிவுதான் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, மூக்கை நம்பி இருக்க முடியாது. கொன்வேர்ட்டருக்கு முன்னால் கசியும் புகையில் அது கூடுதலாகவே இருக்கும். மற்ற எந்தக் குறையை நாளைக்கு என்று தள்ளினாலும் இதைத் தள்ளக் கூடாது.

ஒரு பாகை

கழற்றத் தொடங்கியபோது முன் இணைப்பின் இரண்டாவது போல்ட் நட்டிலிருந்து விடுபட்ட கணம், குழாயின் வாய் டங்கென்று ஒரு விரல் அகலம் கீழே விழுந்து நின்றது. சரியாகப் பூட்டிய குழாயில் போல்டை எடுத்தால் அது அதே இடத்தில் நிற்கும். விழுகிறது, பக்கத்துக்குத் துள்ளுகிறது என்றால் அந்தத் தூரம் முழுவதையும் இதுவரை போல்ட் பிடித்து வைத்திருந்தது என்று பொருள். எந்த அளவுகோலையும்விட இந்தப் பரிசோதனையை நான் நம்புவேன். சைலன்சரைக் கழற்றுகிறவர்கள் அந்தக் கணத்தில் குழாயைக் கையால் தாங்கிப் பிடிக்காமல், கீழே ஜக்கைச் சற்று விட்டு வைத்து, அது தானாக எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

நடந்ததைக் கோர்த்துப் பார்த்தால் இப்படி வருகிறது. உள்ளூர் சைலன்சர் போட்ட நாளில் பின் மவுண்ட் ஏற்கெனவே செத்திருந்தது. பின் மவுண்ட், எஞ்சின் முன்னும் பின்னும் சாயும்போது திரும்பும் பக்கவாட்டுக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. தள்ளி இருக்கிறது. அது 6 மி.மீ. தாழ்ந்தால் எஞ்சின் ஒரு பாகைக்குச் சற்று அதிகமாகப் பின்னால் சாயும். ஒரு பாகை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதை 3 மீற்றர் நீளக் குழாயில் வைத்துப் பாருங்கள்: வால் முனையில் 5 சென்ரிமீற்றருக்கு மேல். அந்தச் சாய்ந்த எஞ்சினுக்கு ஏற்றபடி குழாயை அறுத்து, ஒட்டி, முன்மூட்டை விறைப்பாக இறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். கோணலான எஞ்சினுக்குக் கோணலான குழாய். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருந்தன, அதனால்தான் அந்த நாட்களில் கொப்பியில் மாற்றமில்லை.

பிறகு மவுண்ட் மாற்றியவர் எஞ்சினை அதன் சரியான இடத்துக்குத் தூக்கினார். ஸ்பிரிங் இருந்திருந்தால் மூட்டு திரும்பிக் கொடுத்திருக்கும். விறைப்பாக இருந்ததால் குழாயின் வால்பக்கம் முழுவதும் மேலே எழப் பார்த்தது. அச்சுக்கு மேலே வெப்பத்தகடு தடுத்தது. எஞ்சின் ஒரு பக்கம் இழுக்க, உடம்பு மறுபக்கம் அழுத்த, இரண்டுக்கும் நடுவில் பலவீனமான இடம் முன் கேஸ்கட். போல்ட் இரண்டும் வலமும் இடமுமாக இருப்பதால், அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டில் சாய்ந்து மேல்வாய் திறந்துகொண்டது.

றிவர்ஸில் மட்டும் டொக் என்று அடித்ததற்கும் இதிலேயே விடை இருக்கிறது. முன்சக்கரம் இழுக்கும் கார் முன்னே போகும்போது எஞ்சின் பின்னால் சாயும், றிவர்ஸில் முன்னால் குனியும். குனிந்தால் பின்பக்கம் எழும், குழாயும் அதோடு எழும். சூடேறினால்தான் அடிக்கிறது என்பதும் அப்படியே. உருக்கு ஒவ்வொரு மீற்றருக்கும் ஒவ்வொரு 100 பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 1.2 மி.மீ. நீளும். முன்பகுதி 400 பாகையைத் தாண்டும், வால்பகுதி அவ்வளவு இல்லை; சராசரி 250 பாகை ஏற்றம் என்று வைத்தாலே 3 மீற்றர் குழாய் 9 மி.மீ. வளர்ந்துவிடுகிறது. சாவி நுழைந்த இடைவெளி அந்த வளர்ச்சிக்கு எந்த மூலைக்கு?

டீச்சர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி: காலையில் இல்லை, வெள்ளவத்தை போய் வந்தால் உண்டு, றிவர்ஸில் அடிக்கும், மவுண்ட் மாற்றியபின் கூடியது.

வேலை

மவுண்ட் நல்லது, அதில் கை வைக்கத் தேவையில்லை. ஆனாலும் போல்டுகளை அரைவாசி தளர்த்தி, எஞ்சினைக் கையால் ஆட்டி, சில நிமிடம் ஓடவிட்டு, அது தானாக உட்கார்ந்த இடத்தில் மறுபடி இறுக்கினோம். குழாயின் வாயைத் தீர்மானிப்பது எஞ்சின், எஞ்சினைத் தீர்மானிப்பது மவுண்ட். இந்த வரிசை மாறினால் பிறகு செய்வது எல்லாம் ஒப்பேற்றல்தான்.

சாய்வாக அறுத்து ஒட்டிய துண்டை வைத்துக்கொண்டு எதையும் நேராக்க முடியாது. அசல் பின் பகுதி, பாவித்தது, வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த இடைக்காலத்தில் இருந்த கார்களை வைத்தே எல்லோரும் சமாளித்ததால் இந்த வயதுக் கார்களின் நல்ல சைலன்சர் கடை கடையாய்க் கரைந்துவிட்டது. கிடைத்தவற்றில் ஒன்றின் தொங்கு கம்பி வளைந்திருந்தது, விட்டுவிட்டோம். தொங்கு கம்பி வளைந்த சைலன்சரை வாங்குவதும் கோணல் குழாயை வாங்குவதும் ஒன்று. எடுத்ததைத் தட்டிப் பார்த்து, தலைகீழாக நிறுத்தி, உள்ளே கறள் கொட்டுகிறதா என்று பார்த்துத்தான் எடுத்தோம்.

உள்கறளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் டீச்சரின் சைலன்சர் உக்கியது அதனால்தான். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் பிறக்கிறது. நெடுந்தூரம் ஓடினால் அது ஆவியாகவே போய்விடும். கொட்டாஞ்சேனையிலிருந்து கொச்சிக்கடை வரை ஓடினால் சைலன்சர் சூடேறுவதற்குள் எஞ்சின் நின்றுவிடும், தண்ணீர் உள்ளேயே தங்கும். கடற்காற்று வெளியிலிருந்து அரிக்க, தண்ணீர் உள்ளிருந்து அரிக்கும். இடைக்கிடை வெள்ளவத்தைப் பயணம் காருக்கும் நல்லது என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

நடுக்குழாயின் பின்முனையில், அடுத்த பகுதியோடு போல்ட் போட்டுச் சேர்க்கும் தட்டு கறள் தின்று மெலிந்திருந்ததால் அதை அறுத்துவிட்டுப் புதுத் தட்டு பற்றவைக்க வேண்டியிருந்தது. அங்கேதான் வெல்டிங் பாஸுக்கும் எனக்கும் வழமையான வாக்குவாதம்.

“கழட்டி மேசையில வச்சு அடிச்சா அஞ்சு நிமிஷ வேலை. பிறகு வராட்டி சூடு வச்சு வளைப்பம்.”

“பாஸ், வராட்டி எண்ட கதையே வேணாம். தொங்கவிட்டுப் பொட்டு வைங்க. பிறகு கழட்டி அடிங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டு செய்தார். கல்லில், வேகத்தடையில் அடிபட்டு வளைந்த குழாயைச் சூடாக்கி நேராக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது வளைந்ததை நிமிர்த்துவது. பொருந்தாத தட்டைப் பொருத்துவதற்காக நல்ல குழாயை வளைப்பது வேறு. அந்த வளைவுக்குக் கணக்கு எங்காவது ஓரிடத்தில் கட்டித்தான் ஆக வேண்டும், பெரும்பாலும் கேஸ்கட்டில்.

செய்த முறை: முன் இணைப்பில் புது வளையக் கேஸ்கட், புது ஸ்பிரிங், தோள் வைத்த போல்ட். தோள் முட்டும்வரை இறுக்கினால் போதும், ஸ்பிரிங் சுருளோடு சுருள் ஒட்டும்வரை இறுக்கினால் மறுபடி விறைப்பான மூட்டுத்தான். ஆனால் முதலில் எதையும் இறுக்கவில்லை. முன்னிருந்து பின்னாக எல்லாவற்றையும் கோர்த்து, புது றப்பர்களில் தொங்கவிட்டு, எல்லா நட்டும் கைப்பிடியோடு நின்றன. அப்போது குழாயைப் பக்கத்துக்குப் பக்கம் மெதுவாக ஆட்டிவிட்டால் அது தன் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். றப்பர்கள் நேராகத் தொங்குகின்றனவா, எல்லாவற்றிலும் பாரம் ஒரேமாதிரி இருக்கிறதா என்பதைக் கையால் இழுத்துப் பார்த்தோம். பின் றப்பர்களை மட்டும் சற்று முன்னோக்கிச் சாய்ந்தபடி விட்டோம். சூட்டில் குழாய் பின்னால் வளரும்போது அவை நேராகிவிடும்.

புதுத் தட்டை அந்த நிலையில் வைத்துப் பொட்டுப் பற்று, அதாவது நகராமல் பிடிக்கச் சிறு புள்ளிகளாக மட்டும் பற்றவைப்பது: மேல், கீழ், வலம், இடம் என்று எதிரெதிராக. ஒரே பக்கத்தில் ஓட்டிப் பற்றவைத்தால் பற்று ஆறிச் சுருங்கும்போது தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், சரிபார்த்த நேர்த்தி அங்கேயே போய்விடும். பற்றவைக்குமுன் பற்றரியின் நெகற்றிவ் கழற்றப்பட்டது, ஒக்சிஜன் சென்சார் வயர் பிரிக்கப்பட்டது, எர்த் கிளிப் பற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே குழாயில் கடித்தது. பெற்றோல் ராங்கி பின் சீற்றுக்குக் கீழே, நடுக்குழாயின் பின்முனைக்கு அருகில்தான் இருக்கிறது. நனைத்த சாக்கும் வாளித் தண்ணீரும் இல்லாமல் பாஸ் கண்ணாடியை முகத்தில் இறக்குவதில்லை, அந்த விஷயத்தில் அவர் என்னைவிடக் கண்டிப்பு.

இறுக்கியது முன்னிருந்து பின்னாக. ஒவ்வொரு இணைப்பை இறுக்கியபின்னும் அதற்குப் பின்னாலுள்ள குழாய் நகர்ந்ததா என்று பார்த்தோம். உடம்புக்கும் குழாய்க்கும் நடுவில் எங்கும் 20 மி.மீ.க்குக் குறைய நாங்கள் விடுவதில்லை, பிரேக் குழாய்க்கும் பெற்றோல் குழாய்க்கும் பக்கத்தில் இன்னும் கூட.

சூட்டில்

குளிரில் சரியாக இருப்பது பாதி வேலை. அச்சுக்கு மேலே, பழைய மினுக்கம் இருந்த இடத்தில், வெப்பத்தகட்டின் கீழ் ஒரு களி உருண்டை ஒட்டினோம். பேஸ்லைன் வீதியில் பொரளை வரை ஓடி, ஒழுங்கைகளுக்குள் இருந்த வேகத்தடைகளில் ஏறி இறங்கி, திரும்பும் வழியில் ஒரு மேட்டில் றிவர்ஸ் எடுத்துப் பார்த்து வந்தோம். களி குழாயைத் தொட்டிருந்தது, ஆனால் மிஞ்சிய தடிப்பு 14 மி.மீ. வெயிலில் நெரிசலில் நின்ற சூட்டுக்கு அது போதும்.

பிட்டில் நிறுத்தி, எஞ்சின் ஓட, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை டியிலும் (முன்னோக்கி) ஆரிலும் (றிவர்ஸ்) மாறி மாறிப் போட, கீழிருந்து முன்மூட்டைப் பார்த்தேன். ஆரில் போட்டதும் எஞ்சின் குனிய, ஸ்பிரிங் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் நீண்டு, குழாய் இருந்த இடத்திலேயே நின்றது. இவ்வளவுதான் அந்த மூட்டிடம் எதிர்பார்ப்பது.

ஆறிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி ஒரு சுற்றுத் தொட்டோம். புதுக் கேஸ்கட் முதல் சூட்டில் சற்று அமுங்கும்.

பின்தொடர்வு

ஸ்கேனரில் சும்மா ஓடும்போது கூடுதல் பெற்றோல் 3 வீதத்துக்குள் வந்துவிட்டது. புகைப் பரிசோதனையில் கார் முதல் தடவையிலேயே தேறியது. கொப்பியின் புதுப் பக்கத்தில் லீற்றருக்கு 10.4, 10.6 என்று இரண்டு வரி இருப்பதை டீச்சர் கொண்டுவந்து காட்டினார். தலையிடி பற்றி நான் கேட்டேன். மூக்குக்கண்ணாடியையும் மாற்றிவிட்டாராம், ஆகவே எதனால் போனது என்று சொல்ல முடியாது என்றார்.

மவுண்ட் மாற்றிய கராஜ்காரரை எனக்குத் தெரியும், தெமட்டகொடைப் பக்கம். சந்தித்தபோது சொன்னேன். “நாங்க சைலன்சர்ல கையே வைக்கலயே” என்றார். உண்மைதான், வைக்கவில்லை. மவுண்ட் மாற்றினால் முன்மூட்டைத் தளர்த்தி, எஞ்சின் உட்கார்ந்த பிறகு மறுபடி இறுக்குவதை வேலையின் பாகமாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கு யார் காசு தருவார் என்று கேட்டார். பில்லில் தனி வரியாகப் போட்டால் தருகிறார்கள், எங்களுக்குத் தந்திருக்கிறார்கள்.

நிலுவையில் இருப்பது ஒன்று. கொன்வேர்ட்டரின் மேல் மூடும் வெப்பத்தகட்டின் ஒரு காது கறளில் போயிருக்கிறது. இப்போதைக்குப் பட்டைக் கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறோம். அடுத்த ஆண்டுப் பரிசோதனைக்கு வரும்போது அதை மாற்ற வேண்டும், டீச்சரின் கொப்பியில் சிவப்புப் பேனையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.